பாதியில் நின்ற பிரிண்ட்

2,340 பக்கம் பிரிண்ட் ஆகணும். 1,870 பக்கிட்ட வரும்போது பேப்பர் சிக்கிடுச்சு. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

நான் என்ன பண்ணினேன்னு சொல்றேன், சிரிக்காதீங்க. முதல் பக்கத்துல இருந்து மறுபடியும் கொடுத்தேன்.

எங்க ஊர் ஆத்தங்குடி. போன லீவுல அங்கிருந்து தினமும் காரைக்குடிக்கு பஸ் பிடிச்சு ஒரு ஆபீஸ்ல இன்டர்ன்ஷிப் போனேன். அங்க இன்னமும் ஏஎஸ்/400 தான் ஓடுது. 1988ல ஐபிஎம் கொண்டுவந்த பிசினஸ் கம்ப்யூட்டர் அது. கறுப்பு ஸ்க்ரீன், பச்சை எழுத்து. மவுஸ் தேடாதீங்க, கிடையாது. வருஷக் கணக்கு மொத்தமும் ரெண்டு ஓரத்துலயும் ஓட்டை போட்ட பேப்பர்ல, பெரிய லைன் பிரிண்டர்ல அடிக்கணும். நான் கொடுத்த ரெண்டாவது ரவுண்டு நாற்பது பக்கம் தாண்டுறதுக்குள்ள, அங்க ரொம்ப வருஷமா வேலை பார்க்கிற ஒரு அக்கா ஓடி வந்து நிறுத்தினாங்க. திட்டல. உட்கார வெச்சு சொல்லிக் கொடுத்தாங்க.

விஷயம் இதுதான். அந்த சிஸ்டத்துல ப்ரோகிராம் நேரா பிரிண்டர்கிட்ட பேசாது. அடிக்க வேண்டிய எல்லாப் பக்கத்தையும் டிஸ்க்ல ஒரு ஸ்பூல் ஃபைலா எழுதி வெச்சிட்டு அது போயிடும். பிரிண்டர் தன் வேகத்துல அதுல இருந்து எடுத்து அடிக்கும். அதனால பிரிண்ட் நின்னா கணக்கை மறுபடி ஓட்ட வேண்டியதில்லை. ஃபைலை ஹோல்ட் பண்ணி, எந்தப் பக்கத்துல இருந்து மறுபடி தொடங்கணும்னு ஒரு நம்பர் போட்டு, ரிலீஸ் பண்ணினா போதும். ஆனா அந்த நம்பரை எங்கிருந்து எடுக்குறோம்கிறதுலதான் சூட்சுமம் இருக்கு. ஸ்க்ரீன் 1,874னு காட்டுச்சு. அக்கா ஸ்க்ரீனைப் பார்க்கவே இல்லை. பிரிண்டருக்குப் பின்னாடி போய் மடிஞ்சு கிடந்த பேப்பரைத் தூக்கி, ஒழுங்கா வந்த கடைசிப் பக்கம் எதுன்னு பார்த்தாங்க. 1,866. நடுவுல இருந்த எட்டுப் பக்கம் பிரிண்டருக்குப் போய்ச் சேர்ந்தது உண்மை, பேப்பர்ல வரல. 1,867னு போட்டாங்க. மிச்சம் அரை மணி நேரத்துல முடிஞ்சிடுச்சு.

இதே வேலையைக் கரண்ட் இல்லாம, கம்ப்யூட்டர் இல்லாம, 300 வருஷத்துக்கு முன்னாடி நம்ம கடற்கரையில ஒரு ஆள் செஞ்சார். பள்ளிக்கூடப் புத்தகத்துல அவர் பேரை ஒரு மார்க் கேள்விக்காகப் படிச்சிருப்பீங்க: பார்த்தலோமேயு சீகன்பால்க், தரங்கம்பாடி, அச்சுக்கூடம். அந்த ஒரு வரிக்குப் பின்னாடி எத்தனை பேப்பர் ஜாம் இருக்குன்னு நான் பிறகுதான் தேடிப் படிச்சேன்.

ஜெர்மனியில சாக்சனி பகுதியில புல்ஸ்னிட்ஸ்னு ஒரு சின்ன ஊர். 1682 ஜூலை 10ஆம் தேதி அங்க பிறந்தார். சின்ன வயசுலயே அப்பா அம்மா ரெண்டு பேரும் போய்ட்டாங்க. உடம்பு எப்பவுமே சரியில்லை, குறிப்பா வயிறு. ஹாலே நகரத்துல ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்ற பேராசிரியரிடம் படித்தார். அந்த சமயத்துல டென்மார்க் ராஜா நான்காம் ஃபிரடெரிக், தன் கம்பெனி கோட்டை கட்டி வியாபாரம் செய்துகொண்டிருந்த தரங்கம்பாடிக்கு மதப் பணியாளர்களை அனுப்ப ஆள் தேடினார். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கருடன் 1620ல ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் வாங்கிய இடம் அது. சீகன்பால்கும் ஹென்ரிக் ப்ளூட்சோ என்ற இன்னொருவரும் 1705 கடைசியில் கப்பல் ஏறி, 1706 ஜூலை 9ஆம் தேதி வந்து சேர்ந்தார்கள். மறுநாள் அவருக்கு 24 வயசு. நம்ம சீனியர்கள் முதல் வேலைக்குப் போய் ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகிற வயசு.

வந்த இடத்துல வரவேற்பு ஒண்ணும் இல்லை. கோட்டையின் கமாண்டர் ஹாசியஸுக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது. ராஜா அனுப்பிய ஆட்கள் தன் வியாபாரத்துக்கு இடைஞ்சல்னு நினைத்தார். சீகன்பால்க் அதைப் பற்றிக் கவலைப்படாம நேரா போய்த் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பசங்களோட உட்கார்ந்து, மணல்ல விரல் வெச்சு அ, ஆ எழுத ஆரம்பித்தார். 24 வயசுல. இங்கிலீஷ் மீடியத்துல படிச்சிட்டு, காலேஜ் வந்த பிறகுதான் ஒரு முழுத் தமிழ்ப் புத்தகத்தை முடிச்ச என்னை மாதிரி ஆளுங்களுக்கு இதைப் படிக்கும்போது கொஞ்சம் கூச்சமா இருக்கும். பேச்சுக்குத் துணையா அழகப்பன் என்ற துபாஷி கிடைத்தார். ஐரோப்பிய மொழிகள் சிலது தெரிஞ்சவர். (எங்க பக்கம் தெருவுக்கு ஒரு அழகப்பன் இருக்கிறதால இந்தப் பேரைப் பார்த்ததும் எனக்கு சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.) ரெண்டே வருஷத்துல, 1708ல, தான் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். அதில் இருந்தவை நூற்றுக்கும் மேலே.

அப்போ அவர்கிட்ட இருந்த ஒரே பிரிண்டர் எழுத்தாணி. ஓலையில எழுத ஆட்களைச் சம்பளத்துக்கு வெச்சிருந்தார். ஓலைச்சுவடியோட பிரச்சினை என்னன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. நூறு பிரதி வேணும்னா நூறு தடவை முதல் ஓலையில இருந்து எழுதணும். ஒவ்வொரு பிரதியும் ஒரு புது வேலை. நடுவுல எழுதுறவருக்குக் கண் சொக்கினா அந்தப் பிரதியில மட்டும் ஒரு புதுத் தப்பு.

1708 அக்டோபர்ல புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்துல இருந்து தமிழாக்கத் தொடங்கினார். சில வாரம்தான் ஓடியது. ஒரு ஏழை விதவையோட பணத் தகராறுல அவர் தலையிட்டதைச் சாக்கா வெச்சு, நவம்பர்ல ஹாசியஸ் அவரைப் பிடிச்சுக் கோட்டைக்குள்ள அடைத்தார். சுமார் நாலு மாசம். வெளியே வந்ததும் விட்ட இடத்துல இருந்து எடுத்தார். 1711 மார்ச் 31ல மொழிபெயர்ப்பு முடிந்தது.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. மொழிபெயர்ப்பு முடிஞ்சாச்சு, ஆனா ஊர்ல அச்சு யந்திரம் இல்லை, தமிழ் எழுத்து அச்சும் இல்லை, பேப்பரும் இல்லை. ஸ்பூல் ஃபைல் தயார், பிரிண்டர்தான் இல்லை.

தமிழ்ல அதுக்கு முன்னாடி அச்சே இல்லையான்னு கேப்பீங்க. இருந்தது. என்ரிக்கே என்ரிக்கஸ் பாதிரியாரோட தம்பிரான் வணக்கம் 1578ல கொல்லத்துல அச்சானது. இந்தியாவுல ஒரு இந்திய மொழியில, அதன் சொந்த எழுத்துலயே அச்சான முதல் புத்தகம் தமிழ்ப் புத்தகம்தான். 1679ல கேரளத்து அம்பலக்காட்டுல அந்தாவ் தெ ப்ரொயென்சா பாதிரியாரோட தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி வந்தது. நூறு வருஷ வேலை. ஆனா அந்த எழுத்துகளோ, வார்த்தெடுத்த அச்சுகளோ, வேலை தெரிஞ்ச கைகளோ எதுவும் தரங்கம்பாடிக்கு வந்து சேரல. முப்பது வருஷ இடைவெளிதான், அதுக்குள்ள எல்லாம் காணாமப் போச்சு. அதனால தமிழ் அச்சு மறுபடி ஒண்ணாம் பக்கத்துல இருந்து தொடங்க வேண்டியதாப் போச்சு. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்ப வருத்தமான இடம் இதுதான்.

பிரிண்டரைக் கொடுக்க முன்வந்தது லண்டன்ல இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம், எஸ்.பி.சி.கே. 1711ல ஒரு அச்சு யந்திரம், பேப்பர், ஓட்டத் தெரிஞ்ச யோனாஸ் ஃபின்க் என்பவர், எல்லாத்தையும் கப்பல்ல ஏற்றி அனுப்பினார்கள். இந்தியா வர்ற கப்பல் பிரேசில் பக்கம் சுத்திட்டு வர்ற காலம். ரியோ டி ஜெனிரோவில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். பணம் கட்டி மீட்டபோது யந்திரம் தப்பித்தது. ஆனா நன்னம்பிக்கை முனைக்குப் பக்கத்துல ஃபின்க் இறந்துபோனார். 1712ல தரங்கம்பாடிக்கு யந்திரம் வந்தது, அதை ஓட்ட வேண்டியவர் வரல.

டிரைவர் இல்லாத பிரிண்டர். நீங்களே எத்தனை தடவை பார்த்திருப்பீங்க!

தேடிப் பார்த்ததுல, கோட்டைப் படையில இருந்த ஒரு ஜெர்மன் சிப்பாய்க்கு அச்சு வேலை தெரியும்னு கண்டுபிடித்தார்கள். அவரை வெச்சு முதல்ல போர்த்துக்கீசிய மொழியில சின்னச் சின்னப் புத்தகங்கள் அடித்தார்கள். ரோமன் எழுத்து கைவசம் இருந்தது, அதனால முடிந்தது. தமிழ் எழுத்துக்கு ஹாலேயைத்தான் நம்பணும். இங்கிருந்து எழுத்து மாதிரிகளை அனுப்பி, அங்க தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாத கைகள் அதைப் பார்த்து உலோகத்துல வெட்டின. 1713 நடுவுல அந்த எழுத்துகளும், கூடவே யோஹான் காட்லீப் ஆட்லர் என்ற அச்சு வல்லுநரும் வந்து இறங்கினார்கள். அந்த வருஷமே தமிழ்ல முதல் சிறு நூல் அச்சேறியது. அது உள்ளூர் மக்களோட வழிபாட்டைத் தாக்குற நூல். இதை நான் மறைக்கப் போறதில்லை. அவர் வந்த வேலையே மதம் மாற்றுவதுதான். நம்ம எழுத்தை அச்சுல ஏத்தின அதே கை நம்ம சாமியைத் திட்டியும் அடிச்சது. அவரோட வேலையைப் படிக்கிறவங்க ரெண்டையும் சேர்த்துத்தான் படிக்கணும்.

1714ல புதிய ஏற்பாடு யந்திரத்துல ஏறியது. நாலு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் வரைக்கும் அடித்தாகிவிட்டது. அங்கதான் பெரிய ஜாம். ஹாலேயில வெட்டின எழுத்து ரொம்பப் பெரிசு. இந்த அளவுல போனா மீதியை அடிக்கப் பேப்பர் பத்தாது. பேப்பர் ஐரோப்பாவுல இருந்து கப்பல்ல வரணும். அடுத்த கப்பல் எப்போ வரும், நடுவுல யார் பிடிப்பாங்க, யாருக்கும் தெரியாது.

இப்போ எழுத்துக் கோத்து அடிக்கிற அச்சு எப்படி வேலை செய்யும்னு தெரிஞ்சாத்தான் அவங்க எடுத்த முடிவோட அருமை புரியும். நம்ம பிரிண்டர் ஒரு பிரதியை முதல் பக்கத்துல இருந்து கடைசி வரை அடிச்சிட்டு அடுத்த பிரதிக்குப் போகும். பழைய அச்சு அப்படி இல்லை. ஒரு தாளுக்கு உண்டான பக்கங்களுக்கு மட்டும் எழுத்துகளை ஒவ்வொண்ணா பொறுக்கிக் கோத்து, மை தடவி, வேண்டிய அத்தனை பிரதிக்கும் அந்தத் தாளை அடிச்சு முடிப்பாங்க. பிறகு எழுத்துகளைப் பிரிச்சு அறைப் பெட்டியில போட்டு, அதே எழுத்தை வெச்சு அடுத்த தாளைக் கோப்பாங்க. இதுல ரெண்டு விஷயம் இருக்கு. நடுவுல நின்னா, எல்லாப் பிரதியும் ஒரே இடத்துல நிக்கும். பாதிப் புத்தகங்கள் ஒரு குவியலா கையில இருக்கும். ரெண்டாவது, பிரிச்ச பக்கத்துக்குத் திரும்பப் போகவே முடியாது. மறுபடி வேணும்னா மறுபடி கோக்கணும், பேப்பரும் மறுபடி வேணும்.

ஆக, அவங்க முன்னாடி மூணு வழி இருந்திருக்கும். பேப்பர் வர்ற வரைக்கும் சும்மா இருக்கலாம். சின்ன எழுத்து செய்து முழுப் புத்தகத்தையும் ஒரே மாதிரி அழகா முதல்ல இருந்து அடிக்கலாம், அதாவது அடிச்ச பேப்பர் அத்தனையும் குப்பை. இல்லைன்னா அடிச்சதை அப்படியே வெச்சுக்கிட்டு, மீதியை மட்டும் சின்ன எழுத்துல தொடரலாம். மூணாவதைத்தான் செய்தார்கள்.

இது சின்ன முடிவு மாதிரி தெரியும். எங்க ஊர்ல பார்த்தா அப்படி இல்லைன்னு புரியும். ஆத்தங்குடி டைல்ஸ் கையால வார்க்கிறது. சிமெண்ட், உள்ளூர் மணல், கலர் ஆக்சைடு எல்லாம் ஆள் கலக்குறது. ஒரு வீட்டு ஹாலுக்குப் பாதி போட்ட பிறகு கலவை தீர்ந்து, புதுசா கலக்கினா சிவப்பு ஒரு நூல் மாறும். அப்போ வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கணும்! எல்லாத்தையும் பேர்த்துட்டு மறுபடி போடுன்னு சொல்ற ஆட்கள் உண்டு. இருக்கட்டும், இந்தத் தூண் வரைக்கும் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு விடுற ஆட்களும் உண்டு. சீகன்பால்க் ரெண்டாவது ரகம். ஒரே புத்தகத்துல முன்பாதி பெரிய எழுத்து, பின்பாதி சின்ன எழுத்து. ஒரே மாதிரி இருக்கணுமா, முடிஞ்சு வெளியே வரணுமா? அவங்க முடிஞ்சு வர்றதைத் தேர்ந்தெடுத்தாங்க.

சின்ன எழுத்தை யார் செய்றது? ஆட்லர். எழுத்து வார்க்கிறது மூணு கட்டம். கெட்டியான உலோகத் தண்டு நுனியில எழுத்தைத் தலைகீழா, கண்ணாடியில பார்க்கிற மாதிரி வெட்டணும். அதை மெது உலோகத்துல அடிச்சா நேர் எழுத்துப் பள்ளம் கிடைக்கும். அந்தப் பள்ளத்துல ஈயக் கலவையை ஊத்தினா மறுபடி தலைகீழ் எழுத்து. அது பேப்பர்ல பட்டா நேர் எழுத்து. எங்க ஊர்ப் பசங்களுக்கு இது சட்டுனு புரியும். டைல்ஸ் வார்க்கும்போதும் கண்ணாடித் தகடு மேல டிசைன் சட்டத்தை வெச்சுக் கலரை ஊத்துறோம். முகம் கீழே இருக்கும். திருப்பிப் பார்க்கிற வரைக்கும் பூ எப்படி வந்திருக்குன்னு தெரியாது.

இதைத் தமிழ்ல எத்தனை தடவை செய்யணும்? நமக்கு 247 எழுத்து. எல்லாத்துக்கும் தனி அச்சு வேண்டாம், கால், கொம்பு போல சிலதைச் சேர்த்துக் கோக்கலாம். ஆனா கு, கூ, சு, சூ வரிசைக்கெல்லாம் தனித்தனியா வெட்டியே ஆகணும். அதுவும் முன்னைவிடச் சின்ன அளவுல. ஈயத்துக்கும் தட்டுப்பாடு. லண்டன் சங்கம் இவங்களுக்குச் சாப்பிட அனுப்பின சீஸ் டப்பாக்களோட மூடியை உருக்கி எழுத்து வார்த்தாங்கன்னு அச்சு வரலாறு எழுதுறவங்க தவறாம சொல்றாங்க. எந்த மெட்டீரியல் லேப்லயும் சொல்லித் தராத ஐடியா.

எழுத்து சின்னதானா எவ்வளவு மிச்சம்னு ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பாருங்க. இது என் கணக்கு, அவங்களோட அளவு இல்லை. உயரமும் அகலமும் முக்கால் ஆனா, பரப்பு பதினாறுல ஒன்பது பங்கு. பேப்பர் கிட்டத்தட்ட பாதிதான் செலவாகும். கால் பங்கு குறைச்சா பாதி மிச்சம்.

இன்னொரு பக்கம், பேப்பரையே இங்க செய்யலாம்னு தரங்கம்பாடிக்குப் பக்கத்துல பொறையாரில் காகிதப் பட்டறை போட்டார்கள். மையும் உள்ளூர்லயே தயாரானது.

இதுக்கெல்லாம் நடுவுல, 1714 அக்டோபர்ல, சீகன்பால்க் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறிட்டார். உடம்பு ஒரு காரணம், கம்பெனிக்காரர்களோட தொந்தரவைப் பற்றி ராஜாகிட்ட நேர்ல பேசணும்கிறது இன்னொரு காரணம். அதாவது தன் வாழ்க்கையோட பெரிய பிரிண்ட் ஜாப் பாதியில நிக்கும்போது ஆளே ஊர்ல இல்லை. 1709ல வந்து சேர்ந்த யோஹான் எர்ன்ஸ்ட் க்ரூண்ட்லர் பொறுப்பை எடுத்துக்கிட்டார். கையெழுத்துப் பிரதி இருக்கு, எது வரைக்கும் அடிச்சாச்சுன்னு குவியலைப் பார்த்தாலே தெரியும், ஆட்லர் இருக்கார். வேற என்ன வேணும்? 1715 ஜூலைல கடைசித் தாள் அடிச்சு முடிந்தது. மொழிபெயர்த்தவர் அப்போ உலகத்தோட அந்தக் கோடியில இருந்தார்.

நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல ஒருத்தன் ஊருக்குப் போனா மொத்த டீமும் நிக்குதே, ஏன்னு நான் இதைப் படிச்ச அன்னைக்கு யோசிச்சேன். ஏன்னா ஃபைல் அவன் லேப்டாப்ல இருக்கு, எது வரைக்கும் முடிஞ்சதுங்கிறது அவன் தலைக்குள்ள இருக்கு.

சீகன்பால்க் அங்கேயும் சும்மா இருக்கல. கப்பல்லயே லத்தீன்ல தமிழ் இலக்கணம் எழுதினார். அது 1716ல ஹாலேயில அச்சானது. மரியா டொரோதியா சால்ட்ஸ்மான் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு 1716ல திரும்பினார். புது எருசலேம் தேவாலயத்தைக் கட்டினார், 1718ல திறந்தது. இன்னைக்கும் தரங்கம்பாடியில அது நிக்குது, போனா பாருங்க.

கூடவே பழைய ஏற்பாடு மொழிபெயர்ப்பும் போய்க்கொண்டிருந்தது. ஆனா கோபன்ஹேகன்ல மிஷன் நிர்வாகம் மாறியிருந்தது. கிறிஸ்டியன் வெண்ட் என்ற செயலாளருக்குக் கட்டடம், பள்ளிக்கூடம், அச்சுக்கூடம் எதுவுமே பிடிக்கல. போதகர்கள் கையில ஒண்ணுமில்லாம ஊர் ஊரா நடந்து போதிக்கணும்னு அவர் கட்சி. கடுமையான கடிதங்கள் வந்தன. ஏற்கெனவே நலிந்த உடம்பு அதுல இன்னும் தளர்ந்தது. 1719 பிப்ரவரி 23ஆம் தேதி, 36 வயசுல, சீகன்பால்க் இறந்தார். அவர் கட்டின தேவாலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

பழைய ஏற்பாடு எங்க நின்னது தெரியுமா? ரூத் என்ற நூல்ல. ஆதியாகமத்துல தொடங்கி எட்டாவது நூல் அது, நாலே அதிகாரம். அதோட அவர் கை நின்னுபோச்சு.

மறு வருஷமே க்ரூண்ட்லரும் இறந்தார். வேலை தெரிஞ்ச ரெண்டு பேரும் இல்லை. நியாயமா பார்த்தா அம்பலக்காட்டுக்கு நடந்தது இங்கேயும் நடந்திருக்கணும். நடக்கல. 1719ல வந்து சேர்ந்திருந்த பெஞ்சமின் ஷுல்ட்ஸே, ரூத்துக்கு அடுத்த பக்கத்துல இருந்து எடுத்தார். கையெழுத்துப் பிரதி இருந்தது, எழுத்து அச்சு பெட்டியில இருந்தது, யந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பகுதி பகுதியா அடிச்சு 1728ல முழுப் பழைய ஏற்பாடும் முடிந்தது. முதல் எட்டு நூல் ஒருத்தர் நடை, மீதி இன்னொருத்தர் நடை. மறுபடியும் அந்தத் தூண் வரைக்கும் ஒரு சிவப்பு, இந்தப் பக்கம் ஒரு சிவப்பு.

ஆனா அவர் எழுதினதுல ஒண்ணு மட்டும் ரொம்ப நாள் க்யூவிலேயே கிடந்தது. 1713ல, நம்ம தெய்வங்களைப் பற்றி, கோயில்களைப் பற்றி, கிராம தேவதைகளைப் பற்றி, சுவடிகளைப் படிச்சும் ஊர் மக்கள்கிட்ட கேட்டும் ஜெர்மன்ல ஒரு பெரிய புத்தகம் எழுதினார். தென்னிந்திய தெய்வங்களின் வம்சாவளி. அதே வருஷம் வழிபாட்டைத் தாக்கி நூல் போட்ட அதே ஆள்தான். ஆனா இந்தப் புத்தகத்துல அவர் கேட்டு எழுதுறவரா மாறியிருந்தார். அச்சுல போடச் சொல்லி ஹாலேக்கு அனுப்பினார். ஃபிராங்கேக்குப் பிடிக்கல. அந்த மதத்தை ஒழிக்க அனுப்பினா அதை ஐரோப்பாவுல பரப்புற மாதிரி எழுதியிருக்காரேன்னு அவருக்குக் கோபம். கையெழுத்துப் பிரதியை ஹோல்ட்ல போட்டாச்சு.

எழுதினவர் போய், நிறுத்தினவர் போய், தரங்கம்பாடியே 1845ல இங்கிலீஷ்காரர்கள் கைக்குப் போய், பிறகு வில்ஹெல்ம் ஜெர்மன் என்பவர் அந்தப் பிரதியை எடுத்துப் பதிப்பித்தார். 1867ல, 154 வருஷம் கழிச்சு, சென்னையில அச்சானது. அடிச்சது கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தோட அச்சகம். 1711ல ரியோ வழியா அந்த முதல் யந்திரத்தை அனுப்பின அதே சங்கம்தான்.